பிரியமில்லாத சாட்சி

பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்க சார். நான் உட்காரணும். பஸ்ஸில் வேறு இடம் இருக்கு, எனக்கும் கண் இருக்கு. ஆனால் அந்தப் பக்கம் வெயில். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வெயில் ஆகாது.

தமிழ்தானே? போனில் பேசிக்கொண்டு வந்தீங்களே, கேட்டேன். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. மகளிடமா? "இந்த ஊர்ல சட்டம்னா சட்டம்மா, நம்ம ஊர் மாதிரி இல்ல"ன்னு சொன்னீங்க. வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறதைப் பார்த்தாலே தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீங்க. சட்டம் என்று சொன்னதால்தான் வந்து உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் நான் நம் ஆட்கள் பக்கத்தில் உட்காருகிறவன் இல்லை. உட்கார்ந்தால் முதலில் ஊர் கேட்பீங்க, அப்புறம் தெரு கேட்பீங்க, அப்புறம் எந்த ஆட்கள் என்று கேட்காமலே கண்டுபிடிப்பீங்க. நானே சொல்லிவிடுகிறேன். பேர் சீனிச்சாமி. ராஜபாளையம் பக்கம். அதற்கு மேல் வேண்டாம்.

சட்டம்னா சட்டம். சரி. நான் இந்த நாட்டுக் கோர்ட்டில் ஏறி, வலது கையைத் தூக்கி, சத்தியம் பண்ணிச் சாட்சி சொன்னவன். உங்க மகளும் மருமகனும் என்ன சொல்லியிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

குகதாசன் என்று ஒருத்தன். இலங்கைக்காரன், வவுனியா. எனக்கும் அவனுக்கும் ஆகாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்டு முடித்துவிட்டு, "நீங்க பெரிய மனசுக்காரர்" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

மகள் வீட்டில் இட்லிக்கு மாவு அரைக்கிறாளா, கடையில் டப்பா வாங்குகிறாளா? வாங்குகிறாள். நினைத்தேன். அந்த மாவு நாங்கள் அரைத்ததாக இருக்கலாம். ஊருக்கு வெளியே டயர் கிடங்குகள் நடுவில் ஒரு கட்டடம். காரைக்குடி நாச்சம்மை மேடத்துடையது. ராத்திரி அரைத்துக் கலக்கி, விடிந்ததும் வேனில் ஏற்றுகிறோம். மாவுக்கு நானும் அவனும். டப்பாவில் அடைக்க ரெண்டு பேர், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்களுக்கு இட்லி என்றால் என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.

நான்தான் முதலில் வந்தவன். உளுந்து எவ்வளவு ஊறணும், கல் சூடாகாமல் எப்போது ஐஸ் போடணும், எல்லாம் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. உப்புப் போட்டுக் கலக்குகிற வேலை என்னிடம்தான் இருந்தது. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அவன் கலக்கினான். மறுநாள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மேடம் வந்து பார்த்தார். "ஆத்தி! சீனிச்சாமி, குகனுக்குக் கைராசி இருக்குப்பா" என்றார். முடிந்தது. அன்றிலிருந்து கலக்குகிறவன் அவன். கிரைண்டர் கழுவுகிறவன் நான்.

கைராசியாம். முழங்கை வரைக்கும் ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் கலக்கணும், சுகாதாரத்துறைக் கட்டளை. ராசி ரப்பரைத் தாண்டிப் போகுமா? மேடத்திடமே கேட்டேன். "உனக்கு ஏம்ப்பா பொறாமை?" என்கிறார். பொறாமையா, எனக்கா? நான் கேட்டது விஞ்ஞானம்.

இன்னொன்று கேளுங்க. நான் இந்த நாட்டுக்கு வரிசையில் நின்று வந்தவன். அக்கா மனுப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, தலைமுடி பாதி போன பிறகு விசா வந்தது. இவன் விமானம், காடு, படகு, பஸ் என்று யார் யார் கையிலோ மாறி, மெக்சிகோ பக்கமாக வேலி தாண்டி வந்து நின்றுகொண்டு, "நான் அகதி" என்றான். கேஸ் நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு தடவை தள்ளுபடி. அதற்கு ஒரு மேல்முறையீடு. நான் நேராகவே கேட்டேன்: "அப்ப வரிசையில நின்னு வந்த நாங்கல்லாம் கேனையனாடா?"

"எங்கட ஊரில சனம் வரிசையில நிண்ட இடத்திலதான் அண்ணை ஷெல் விழுந்தது" என்றான்.

எதைக் கேட்டாலும் இப்படி ஒரு பதில் வைத்திருப்பான். அதையும் சிரித்துக்கொண்டு சொல்வான். அதுதான் எனக்குத் தாங்காது.

அவனிடம் ஒரு பழக்கம். நம் வீடுகளிலும் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். வாசல் தாண்டிக் கிளம்பினவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. கூப்பிட்டுவிட்டால் தடை. திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பணும். நாமெல்லாம் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி போய்விடுவோம். இவன் அப்படி இல்லை. எவன் கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும் திரும்பிவிடுவான். பையை இறக்கி வைப்பான். உளுந்து மூட்டை மேல் உட்காருவான். எவர்சில்வர் டம்ளரில் ஒரு வாய். எழுந்திருப்பான். "வாறன் அண்ணை."

இது எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு விடுவேனா? அவன் காலையில் முதலில் கிளம்புகிறவன், கைராசிக்காரன் அல்லவா. நான் கல்லைக் கழுவிக்கொண்டு நிற்கணும். அவன் ஷட்டரைத் தாண்டி ஒரு கால் வெளியே வைப்பான். "டேய் குகதாசா!" என்பேன்.

"என்ன அண்ணை?"

"ஒண்ணுமில்ல, போ."

உள்ளே வருவான், உட்காருவான், குடிப்பான். மறுபடி ஒரு கால் வெளியே. "டேய்!" ஸ்பானிஷ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஒரு தடவை அவன் பஸ்ஸே போய்விட்டது. "நீங்கள் இப்பிடிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நான் இஞ்சயே பாயைப் போட வேண்டியதுதான்" என்றான். அப்போதும் கோபம் வரவில்லை. மனுஷன் என்றால் கோபம் வரணும் சார். வராவிட்டால் கூப்பிட்டவனுக்கு என்ன மரியாதை?

அன்றைக்கும் அதே மாதிரிதான். காலை, நல்ல வெளிச்சம். பக்கத்து டயர் கிடங்கில் வேறு யாரையோ தேடி இமிக்ரேஷன் ஆட்கள் வந்து காரில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளே கிரைண்டர் பக்கம் நிற்கிறேன். குகதாசன் வெளியே போனான். தெரியாத கார் நின்றால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள், அவனும் பார்த்திருக்கிறான். நான் கூப்பிட்டேன். தினமும் கூப்பிடுகிறவன், அன்றைக்கு மட்டும் கூப்பிடாமல் இருக்க எனக்கென்ன ஜோசியமா தெரியும்? திரும்பி உள்ளே வந்தான்.

அவர்கள் பார்வைக்கு எப்படி இருந்திருக்கும்? ஒருத்தன் வெளியே வந்தான், எங்களைப் பார்த்தான், உள்ளே ஓடினான். ரெண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். இவன் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறான், டம்ளர் வாயில். ஓடுகிறவன் உட்கார்ந்து தண்ணி குடிப்பானா? அதை யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. டம்ளரைத் தட்டிவிட்டு, கையைப் பின்னால் மடக்கி, விலங்கைப் பூட்டின பிறகுதான் பேர் என்ன என்றே கேட்டார்கள். மேடம் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்து, "வாரன்ட் எங்கே?" என்று கேட்டார். "வேண்டியதில்லை, தப்பி ஓடப் பார்த்தான்" என்றார்கள்.

என்னையும் கேட்டார்கள். கிரீன் கார்டை எடுத்து நீட்டினேன். குளிக்கும்போது தவிர எப்போதும் என் உடம்பிலேயே இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். ஒருத்தன் என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான், அது இடம் குறுகல் என்பதால்.

கூட்டிக்கொண்டு போகும்போது குகதாசன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். "அண்ணை, கல்லு சும்மா ஓடுது, நிப்பாட்டுங்கோ" என்றான். எனக்குத் தெரியாதா? நிறுத்தத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்? அதைத்தானே கேட்க வருகிறீங்க, முகத்தில் தெரிகிறது. கூப்பிடாவிட்டால் நேரே அவர்கள் காரைத் தாண்டி நடந்து போயிருப்பான். அப்போதும் பிடித்திருப்பார்கள். பிடிக்காமல் விட்டும் இருக்கலாம். அவர்கள் தேடி வந்தது வேறு ஆளை. யாருக்குத் தெரியும்? நான் அதை யோசிக்கிறதில்லை. பகலில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அது வேறு காரணம். ஜன்னல் திரை சரியில்லை.

மேடம் ஒரு வக்கீலைப் பிடித்தார். டோலன் என்று ஒரு அம்மா. சைக்கிளில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். அவர் சொன்ன சட்டத்தை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், சட்டம்னா சட்டம் என்கிறவர் தெரிந்துகொள்ளணும். இமிக்ரேஷன்காரர்கள் வாரன்ட் இல்லாமல் ஒருத்தனைப் பிடிக்கணும் என்றால், அவன் அனுமதி இல்லாமல் இருக்கிறான் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் போதாது. வாரன்ட் வாங்கி வருவதற்குள் தப்பிவிடுவான் என்று நம்பவும் காரணம் இருக்கணும். அது இல்லை என்றால் பிடித்தது செல்லாது. இதை வைத்துப் பல ஊர்களில் வழக்கு நடக்கிறதாம். ஆக, குகதாசன் வழக்கு முழுக்க ஒரே ஒரு கேள்விதான். இவன் ஓடுகிறவனா, ஓடாதவனா?

தோற்றால் உள்ளேயே வைத்திருப்பார்கள். மேல்முறையீடும் போய்விட்டால் அங்கேயிருந்தே விமானம் ஏற்றிவிடுவார்கள். வவுனியாவில் அவனுக்கு என்ன காத்திருக்கிறது என்று முழுசாகச் சொன்னதில்லை. அவன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் மறுபடி வந்து இவன் எங்கே என்று கேட்டார்கள் என்பது வரைக்கும் சொல்வான். அதற்கப்புறம் ஐஸ் போட்டாச்சா என்று கேட்பான்.

இதற்கு நடுவில் மாவு. நான்தான் கலக்கினேன். பொங்கவில்லை. அந்த வாரம் கடுங்குளிர், அதனால்தான். கடைக்காரர்கள் டப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். "சீனிச்சாமி, உன் கை பட்டா மாவே பயந்து உக்காந்துக்குதப்பா" என்றார் மேடம். இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கு இதைக் கேட்கணும்.

டோலன் அம்மா என்னிடம் வந்தார். "அன்றைக்கு அவரைக் கூப்பிட்டது நீங்கள்தானே, வந்து சாட்சி சொல்லணும்" என்றார்.

"எனக்கும் அவனுக்கும் ஆகாது" என்றேன்.

"தெரியும். எல்லாரும் சொன்னார்கள். அதனால்தான் நீங்கள் வேண்டும். மற்றவர்கள் அவருக்காகப் பேசுகிறார்கள் என்று ஜட்ஜ் நினைக்கலாம். உங்களை அப்படி நினைக்க வழியே இல்லை."

யோசித்தேன். யோசித்ததில் எனக்கும் ஒன்று தோன்றியது. இவன் லட்சணத்தை இதுவரைக்கும் நான் மேடத்திடம்தான் சொல்லியிருக்கிறேன், எடுபடவில்லை. ஒரு ஜட்ஜ் முன்னால், சத்தியம் பண்ணி, எழுத்தில் ஏற்றுகிற மாதிரி சொல்லக் கிடைக்குமா? ஒத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், திருச்சிக்காரர், டை கட்டினவர். ஜட்ஜ் நரைத்த தலை, ஒரு பெண்மணி. குகதாசனைக் கூட்டி வந்தார்கள். சட்டை தோளில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தான். என்னைப் பார்த்து 'அண்ணை' என்று வாயசைத்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

அவனைப் பிடித்த அதிகாரி முதலில் சொல்லியிருந்தார்: "எங்களைக் கண்டதும் ஓடினார்." அப்புறம் நான். டோலன் அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். இளவட்டம், நல்ல சலவைச் சட்டை.

"இவர் உங்கள் நண்பரா?"

"இல்லை."

"அவரைப் பற்றி உங்கள் கருத்து?"

"சனியன்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் சாய்ந்து, "ஏங்க, இதை எப்படிங்க சொல்றது?" என்றார். "அப்படியே சொல்லுங்க" என்றேன். அவர் என்னவோ ரெண்டு வாக்கியம் சொன்னார். ஜட்ஜ் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வக்கீல் முகத்தில் ஒரு வெளிச்சம். தன் பக்கம் ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்திருப்பார். கைராசிக் கதை, நான் கல் கழுவுகிற கதை எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆக, சந்தர்ப்பம் கிடைத்தால் நழுவிவிடக் கூடியவர் என்று சொல்வீர்களா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நழுவுவானா? இவனா? இவன் நழுவியிருந்தால் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பேனே! எத்தனை வருஷமாக விரட்டுகிறேன். உப்புக் கூடிப்போச்சுன்னு பழி போட்டேன், போகவில்லை. கனடாவில்தான் உங்க ஆட்கள் நிறைய இருக்கிறார்களே, அங்கே போய்த் தொலையேன்னு சொன்னேன். 'நான் போனால் நீங்கள் தனிச்சுப் போயிடுவியள் அண்ணை' என்கிறான். அட்டை சார் இவன். அட்டைகூட உப்புப் போட்டால் விழுந்துவிடும்."

"சொந்த நாட்டையே விட்டு ஓடி வந்தவர் அல்லவா?"

"அங்கேயிருந்து ஓடினானோ என்னவோ. வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டான். அதுதானே என் புகாரே!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஜட்ஜ் அவராகவே என்னிடம் கேட்டார். "அன்று காலை அவரை எதற்காகக் கூப்பிட்டீர்கள்? ஏதாவது வேண்டியிருந்ததா?"

"இல்லை."

"பிறகு ஏன்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. டோலன் அம்மா இதைக் கேட்கவில்லை. இவனை அலைக்கழிக்கத்தான் கூப்பிட்டேன், அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. "கூப்பிட்டால் திரும்பி வருவான். அதனால் கூப்பிட்டேன்" என்றேன்.

திருச்சிக்காரர் அதை மொழிபெயர்த்தார். ஜட்ஜ் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பில் அது இருக்கிறது சார், அச்சில். யார் பின்னாலிருந்து கூப்பிட்டாலும் திரும்பி வருகிற பழக்கமுள்ள ஒருவர், அன்றும் கூப்பிட்டதால்தான் திரும்பினார். அதைத் தப்பி ஓடுவது என்று எடுத்துக்கொள்ள நியாயமான காரணம் இல்லை. கைது செல்லாது, விடுதலை செய்யுங்கள். என்னைப் பற்றியும் ஒரு வரி. 'இவர்மீது பிரியம் ஏதும் இல்லாத சாட்சி, ஆகவே நம்பத் தகுந்தது.' பார்த்தீங்களா? ஒரு ஜட்ஜே எழுதியிருக்கிறார். நான் சும்மா சொல்லவில்லை.

வந்து சேர்ந்தான். மேடம் ஜாங்கிரி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். ஸ்பானிஷ்காரன் ஒருத்தன் என்னைக் கட்டிப்பிடித்தான், எதற்கென்று தெரியவில்லை. குகதாசன் என் காலைத் தொடக் குனிந்தான். "தொட்டா மிதிப்பேன்" என்றேன். "மிதியுங்கோ" என்றான். அன்றைக்கே கையுறையை மாட்டிக்கொண்டு கலக்க ஆரம்பித்துவிட்டான். நான் மறுபடி கிரைண்டர் கழுவுகிறேன். இதுதான் நான் சாட்சி சொல்லிக் கண்ட பலன்.

அதற்கப்புறம் அவனைப் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. டோலன் அம்மா வேண்டாம் என்றார். இல்லை, அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை கொஞ்சம் சரியில்லாமல் இருந்தது. அவன் ஷட்டரைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டு, கொஞ்சம் நிற்பான். நான் கல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் போவான்.

டோலன் அம்மா ஒன்று சொல்லியிருந்தார். ஜட்ஜ் சொன்னது வாரன்ட் இல்லாமல் வந்தது தப்பு என்றுதான். வாரன்ட்டோடு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதாவது கதவை உடைக்காதே, தட்டிவிட்டு வா. அவ்வளவுதான் சார் நாங்கள் ஜெயித்தது.

தட்டிவிட்டு வந்தார்கள். சாயங்காலம், நாங்கள் வேலைக்கு வந்து உளுந்தைக் களைந்துகொண்டிருக்கிறோம். முன்வாசலில் மூணு பேர், கையில் வாரன்ட். போட்டோ, பேர், கையெழுத்து எல்லாம் கச்சிதம். மேடம் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். தேடி எடுத்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார். இங்கிலீஷில் எம்.ஏ. படித்தவர். எனக்குப் புரிந்தது.

நான் பின்பக்கம் போனேன். குப்பைத் தொட்டிகள் பக்கம் ஒரு இரும்புக் கதவு. திறந்து பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. வேலியில் ஓட்டை, அந்தப் பக்கம் பெரிய ரோடு. திரும்பி வந்து இவன் தோளைப் பிடித்தேன். "வந்துட்டானுங்க. போ. பின்னால தொறந்திருக்கு. ஓடு."

கை முழுக்க உளுந்துத் தொலி. என்னையே பார்க்கிறான். "நான் ஓடமாட்டன் எண்டு நீங்கள் கோட்டில சத்தியம் பண்ணிச் சொன்னனீங்கள்தானே, அண்ணை."

"சொன்னேன். அதுக்கு?"

"இப்ப நான் ஓடினால் நீங்கள் சொன்னது பொய்யாப் போயிடும். பொய்ச்சாட்சி எண்டு உங்கட கார்டைப் பறிச்சாங்கள் எண்டால்?"

"என் கார்டைப் பத்தி உனக்கென்னடா? ஓடுடா நாயே!"

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன் சார். முழு பலத்தோடு தள்ளினேன். நான் மூட்டை தூக்குகிறவன், இவன் ஒரு சுண்டு ஆள். அசையவில்லை. கையைக் கழுவினான். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தான். "நாச்சம்மை அக்கா பாவம், எவ்வளவு நேரம் வாசிப்பா?" என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்கு நடந்து போய்விட்டான். செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பான், எனக்கு எரிச்சலாக வரும். அன்றைக்கும் அப்படியே நடந்தான். பின்கதவு திறந்தே கிடந்தது.

இந்தத் தடவை எல்லாம் சட்டப்படி. வழக்குப் போட ஒன்றும் இல்லை. மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதுவும் போன வியாழக்கிழமை தள்ளுபடி. டோலன் அம்மா அதற்கும் மேலே மனுப் போட்டிருக்கிறார். தடை உத்தரவு வந்தால் இருப்பான். வராவிட்டால் ஏற்றிவிடுவார்கள். சொல்லிவிட்டு ஏற்றமாட்டார்கள்.

வாரா வாரம் இந்தப் பஸ்ஸில் போகிறேன். அவனை வைத்திருக்கிற இடம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்கிற தூரம். அப்படிப் பார்க்காதீங்க, நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. எனக்கு அவனோடு ஒரு வழக்குப் பாக்கி இருக்கிறது. நடுவில் கண்ணாடி, காதில் போன். உட்கார்ந்ததும் ஆரம்பிப்பேன். "நீ செஞ்சது முட்டாள்தனம்னு ஒத்துக்கோ. ஓடியிருக்கணும்னு உன் வாயால சொல்லு." சொல்ல மாட்டான். "பஸ் பிந்திட்டுதோ அண்ணை? பாத்துக்கொண்டு இருந்தனான்" என்பான். என் பஸ் எப்போது வந்தால் இவனுக்கு என்ன? நான் கத்துவேன். காவலாள் வந்து சத்தம் போடாதே என்பான். நேரம் முடிந்துவிடும்.

ஒன்று சொல்லட்டுமா? டோலன் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு அவன் ஓடியிருந்தால் என் கார்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்று. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள் நினைத்ததைத்தானே சொன்னீர்கள். நினைத்தது பிறகு தப்பாகப் போனால் அது பொய்ச்சாட்சி ஆகாது. உங்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்."

புரிகிறதா? ஒன்றுமே ஆகியிருக்காது. எதற்கும் இல்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறான். இதை ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும், நான் ஜெயித்துவிடுவேன். வாயைத் திறக்க அவனுக்கு வழியே இருக்காது.

ஒவ்வொரு வாரமும் அதைச் சொல்லத்தான் போகிறேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது.

இன்றைக்குப் போய் நின்று, "அந்த ஆள் இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்றால்... சொன்னால் நல்லதுதான். அலைச்சல் மிச்சம்.

காலை ஒதுக்குங்க சார். இறங்கணும்.